துரைக்கு வேர்க்காத மாதம்

இருபத்திரண்டு வருடங்கள் நான் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சிரம்பானில் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பயிற்சி நூல் போடும் ஓர் அச்சகம். ஒற்று மிகும் இடம், மிகா இடம் இரண்டுக்கும் நான்தான் காவல். பிறகு ஒருநாள், இதையெல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று முதலாளியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அது பார்த்துக்கொள்ளவில்லை என்பது அதற்குப் பின் வந்த புத்தகங்களைத் திறந்தால் தெரியும். ஆனால் அதற்குள் நான் ஒரு குதிரை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

என் பதவிக்கு நியமனக் கடிதத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அங்கே யாரும் அதைச் சொல்வதில்லை. தோட்டத்தில் பேனா பிடிக்கிறவன் கிராணி. அதனால் நான் கிராணி.

ஆஸ்பத்திரி போர்டிக்சன் சாலையிலிருந்து விலகி, செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. ரப்பர் காலத்தில் பால் ஷீட்டுக்குப் புகை போட்ட கொட்டகையை இடித்துத் தடுத்து லாயமாக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய ரப்பர் வாசனை எழும். என் தாத்தாவும் அப்பாவும் தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவர்கள். நான் ஐம்பது வயதில் லாயத்துக்கு வந்து சேர்ந்தேன். மூன்று தலைமுறை உழைப்பில் எங்கள் குடும்பம் ஒரு துணைக்கால் சம்பாதித்திருக்கிறது.

குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இலக்கியம் வழியாக வந்தது. பழைய போர்ப் பாடல்களில் குதிரைகள் யானையின் மத்தகத்தில் குளம்பை வைக்கும். எங்கள் ஆஸ்பத்திரிக் குதிரைகள் பிளாஸ்டிக் பை பறந்தால் மயங்கி விழப் பார்க்கும். அரை டன் எடையுள்ள ஒரு பிராணி காய்ந்த இலைக்குப் பயப்படுவதைப் பார்த்த பிறகு, அந்தப் புலவர்கள் குதிரையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது.

எங்கள் டாக்டர் முப்பத்து நான்கு வயதுப் பெண். கெமாஸ்காரர், ரயில்வே குடும்பம். குதிரையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டே சாயங்காலம் என்ன சாப்பிடலாம் என்று பேசக்கூடியவர். அவர் என்னை அங்கிள் என்று கூப்பிடுவார். எங்கள் வயது வித்தியாசத்துக்கு அண்ணன் போதும் என்பது என் தாழ்மையான கருத்து. ஒருமுறை அதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன்.

“சரி அங்கிள்” என்றார்.

டாக்டரின் தமிழ் பேச்சில் நன்றாக இருக்கும். கைப்பேசியில்தான் சிக்கல். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார், நடுநடுவே மலாய் ஏறிக்கொள்ளும். குதிரை என்று ஒருநாளும் எழுத மாட்டார். மலாய்ச் சொல்லான குடாதான். கே, யு, டி, ஏ. நான்கு எழுத்தில் வேலை முடிந்துவிடும். ‘குடா நம்பர் மூணு சாப்பிட்டுச்சா’ என்று வரும். ‘குடா காலு தூக்கிப் பாருங்க’ என்று வரும். ஒற்றுக்காக உயிரை விட்ட ஒருவன் இந்தச் செய்திகளை வாசித்துக் காலம் தள்ளினான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் வெட்டியவர். அவரை யாரும் மண்டோராக, அதாவது கங்காணியாக, நியமிக்கவில்லை. எல்லாரும் பயந்ததால் அந்தப் பதவி தானாக வந்து அவர் மேல் உட்கார்ந்துகொண்டது. மண்டோரம்மா என்போம். டாக்டர் உட்பட.

எங்கள் வருடத்துக்குப் பருவம் மூன்று. மழை மாதங்களில் குளம்பு. ஈரத்தில் நின்று நின்று குளம்பின் அடி அழுகும், அதைச் சுரண்டும்போது வரும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவன் அன்றைக்குச் சோற்றோடு சம்பல் கேட்க மாட்டான். புகைமூட்ட மாதங்களில் இருமல். குதிரை இருமினால் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதை நான் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வெயில் மாதங்களில் வேர்வை.

வேர்வை வந்தால் நோய் இல்லை. வராவிட்டால்தான் நோய். குளிர் நாட்டுக் குதிரைகள் இங்கே வந்து சில வருடம் விடாமல் வேர்க்கும். பிறகு அவற்றில் சில ஒருநாள் போதுமென்று நிறுத்திவிடும். வேர்வைச் சுரப்பிகள் கடையை மூடிவிடும். சூடு உள்ளேயே தங்கும், மூச்சு வாங்கும், தோல் காய்ந்த அட்டை மாதிரி ஆகும். கவனிக்காவிட்டால் ஒரு மத்தியானத்தில் சரிந்துவிடும்.

துரை அப்படித்தான் வந்தது.

அது ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கே பந்தயத்தில் ஓடி, பெரும்பாலும் கடைசியாக வந்து, பிறகு போர்டிக்சன் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடந்த குதிரை. வெள்ளை நிறம், இறங்கிய இமை, நீண்ட மூக்கு. லாயத்தில் கொண்டுவந்து கட்டியதும் மண்டோரம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

“வெள்ளக்கார ஊர்லருந்து வந்திருக்கு. நாள் பூரா சும்மா நிக்கிது. ஒரு சொட்டு வேர்வ இல்ல. தொரதான், வேற என்னா?”

தோட்டத்து மேனேஜரைத் துரை என்று சொல்லி வளர்ந்த ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ள அரை மணி நேரம் போதும். மண்டோரம்மா சொன்னதில் வரலாற்று நியாயமும் இருந்தது. துரைகளுக்கு எப்போது வேர்த்தது? அவர்களுக்கும் சேர்த்து எங்கள் ஆட்கள்தான் வேர்த்தார்கள். அந்த மாதமும் அப்படியே நடந்தது. துரை மின்விசிறிக்கு முன்னால் கண்ணை மூடி நிற்க, அதன் பங்கு வேர்வை முழுவதும் என் சட்டையில் வந்து இறங்கியது.

துரையின் சொந்தக்காரர் முப்பது வருடம் செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இரண்டும் சிங்கப்பூரில். வீட்டுக்குப் பின்னால் லோரி நிறுத்திய கொட்டகையில் இப்போது குதிரை. கிறிஸ்தவர், மிகக் குறைவாகப் பேசுபவர். நாங்கள் லோரிக்கார அண்ணன் என்போம். அவர் குதிரையைத் தம்பி என்பார்.

முதல் நாளே டாக்டர் அவரை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

“அண்ணே, இந்த மாசம் முழுக்க பாப்போம். வேர்க்க ஆரம்பிச்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். இல்லனா குளிரான கேமரன் மலைலதான் விடணும். அங்க ஒரு பண்ணையில வச்சிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. இந்தச் சூட்டுல இங்க வச்சிருந்தா செத்துப்போயிரும்.”

“எவ்ளோ நாளைக்கு?”

“போனா போனதுதான் அண்ணே. திரும்பக் கொண்டாந்தா திரும்ப இதே கததான்.”

லோரிக்கார அண்ணன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். அங்கே பதில் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. திரும்பப் போட்டுக்கொண்டார்.

“மலைக்கு நானே லோரியில எத்தனையோ தடவ போயிருக்கேன்” என்றார். “அங்க எனக்கு மூச்சு வாங்கும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருடைய மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்கும். என் மேசைக்கு முன் வந்து ஒரே கேள்வி கேட்பார்.

“வேர்த்துச்சா?”

“இல்லண்ணே.”

தலையாட்டிவிட்டு லாயத்துக்குள் போவார். ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் துரையின் மூக்குக்கு நேரே உட்கார்ந்து, அரை மணி நேரம் வேதம் வாசிப்பார். ஒருநாள் கதவோரம் நின்று கேட்டேன். நெற்றி வேர்வை நிலத்தில் சிந்த உழைப்பதைப் பற்றிய இடம். துரை அசையவில்லை.

வாரம் ஒருமுறை சோதனை. டாக்டர் துரையின் கழுத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஆறு சின்ன ஊசி போடுவார். சுரப்பி உயிரோடு இருந்தால் அரை மணி நேரத்தில் அந்த இடங்களில் முத்து முத்தாக ஈரம் பூக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் ஒரு குதிரையின் கழுத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்போம். நான் பிறகு பதிவேட்டில் ‘வியர்வை: இல்லை’ என்று எழுதுவேன். மூன்று வாரம் எழுதினேன்.

மண்டோரம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அதென்ன கிராணியாரே, எழுதறப்ப வியர்வ, சொல்றப்ப வேர்வ?”

“எழுத்து வழக்கு வேற, பேச்சு வழக்கு வேறக்கா.”

“ரெண்டு வழக்குலயும் வரல.”

வைத்தியம் எல்லாம் நடந்தது. மூன்று பெரிய மின்விசிறி. மணிக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர். தீவனத்தில் உப்பு மருந்து. வெயிலில் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது என்று கட்டளை. பிறகு டாக்டர் ஒருநாள் கொஞ்சம் தயங்கி என்னிடம் வந்தார்.

“அங்கிள், ஒன்னு கேக்கறேன், சிரிக்காதீங்க. குதிர ஓட்டறவங்க எல்லாம் வேர்வைக்குக் கறுப்பு பீர் குடுப்பாங்க. புரூஃப் ஒன்னும் இல்ல. ஆனா கெடுதலும் இல்ல. நீங்க லோபாக் வழியாத்தான வர்றீங்க?”

அப்படியாக, வாழ்நாளில் மதுவைத் தொடாத நான், கோயில் ஆண்டு விழா மலரின் கௌரவப் பிழை திருத்துநர், தினமும் காலை எட்டு மணிக்கு லோபாக்கில் ஒரு கடை வாசலில் நின்று இரண்டு போத்தல் கறுப்பு பீர் வாங்கத் தொடங்கினேன்.

முதல் நாள் கடைக்கார ஆன்ட்டி கேட்டதை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் நான் கேட்கும் முன்பே எடுத்து வைத்தார். மூன்றாம் நாள் நானாகவே வாயைக் கொடுத்தேன்.

“இது எனக்கு இல்லைங்க. குதிரைக்கு.”

ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். இரக்கமான பார்வை.

“எல்லாரும் ஒவ்வொன்னு சொல்வாங்க தம்பி. ஒருத்தர் முதுகு வலின்னுவாரு. ஒருத்தர் மாமனாருக்குன்னுவாரு. குதிரைக்குன்னு யாரும் சொன்னதில்ல. நல்லாத்தான் இருக்கு.”

அந்த வாரக் கடைசிக்குள் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அது ஒரு சொல்லாகிவிட்டது. சாயங்காலம் திடலோரம் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், கையில் பை வைத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்து, “என்னா தல, குதிரைக்கா?” என்று கேட்பார்கள். அவனும் “ஆமா லா, ரெண்டு குதிர” என்பான். நான் மொழிக்குச் செய்த ஒரே பங்களிப்பு இதுவாகத்தான் இருக்கும். பயிற்சி நூலில் எதிலும் சேராது.

என் மனைவி செய்தி எட்டிய அன்று சோறு போட்டபடியே கேட்டாள்.

“ஆஸ்பத்திரில குதிரைக்கு பீர் குடுக்கறாங்களாமே.”

“ஆமா. வேர்க்கறதுக்கு.”

“உங்களுக்குத்தான் நல்லா வேர்க்குதே.”

“நான் குடிக்கலங்கறதுக்கு அதுதான் சாட்சி” என்றேன். வாதத்தில் ஓட்டை இருப்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

துரை பீரை ரசித்துக் குடித்தது. மேலுதட்டை மடக்கி வானத்தைப் பார்த்துச் சிரித்தது. வேர்க்கவில்லை.

இதற்கிடையில் மண்டோரம்மா தன் வழியில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். தோட்டத்துச் சாலை பெரிய சாலையைத் தொடும் முனையில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. சின்னத் தகரக் கூரை, அதன் முன்னால் சிமெண்டில் செய்த ஒரு பெரிய வெள்ளைக் குதிரை. முட்டை அளவு கண், கறுப்பு மீசை வைத்த மாதிரி மூக்கு, முப்பத்திரண்டுக்கும் மேல் பற்கள், சிவப்பு நாக்கு. குதிரையைப் பார்த்துச் செய்ததல்ல, குதிரையைப் பற்றிக் கேள்விப்பட்டுச் செய்தது. துரைக்கு வேர்த்தால் அதை முனியாண்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதாக மண்டோரம்மா வேண்டிக்கொண்டிருந்தார்.

“வேர்த்தாத்தான் கூட்டிட்டு வருவேன்னு வேண்டுனது தப்போன்னு இருக்கு டாக்டர். கூட்டிட்டு வந்தா வேர்க்க வையின்னு வேண்டிருக்கணும். சாமி கிட்ட மொதல்லயே கண்டிசன் போட்டுட்டேன்.”

“வெயில்ல வெளிய கொண்டுபோகவே கூடாது மண்டோரம்மா. சாமி கோவிச்சாலும் சரி.”

“மழக்காரு கட்டுனா?”

“அப்ப பாப்போம்” என்று டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ‘அப்ப பாப்போம்’ என் மூளையில் எங்கோ போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. வேண்டியது எதுவும் அங்கே தங்குவதில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. மலைக்குப் போகும் லோரிக்குச் சொல்லியாயிற்று. முந்தைய சாயங்காலம் லோரிக்கார அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. என் மேசையில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்தார்.

“மலையில ராவுல குளுரும். இத முதுகுல போடச் சொல்லுங்க. பழகுன வாசன.”

அந்தத் துண்டைப் பதிவேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டாக்டர் சிரம்பானுக்கு மருந்து எடுக்கப் போயிருந்தார். கடந்த ஒரு வாரமாக சாயங்காலம் சாயங்காலம் கொஞ்சம் மழை விழுந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. செம்பனை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து பேசிக்கொண்டன. என் கைப்பேசி கத்தியது. டாக்டரின் செய்தி.

அங்கிள் மழ வருது. குடா கொண்டாங்க. கோயில் கிட்ட இருக்கேன். சீக்கிரம்.

ஆங்கில எழுத்தில்தான். கே, யு, டி, ஏ.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மழை வருகிறது. கோயில். குதிரையைக் கொண்டு வரவும். ‘அப்ப பாப்போம்’ உள்ளிருந்து குதித்து முன்னால் வந்தது. மருத்துவம் கைவிட்ட பிறகு ஒரு விஞ்ஞானி கடைசியில் எங்கே போய் நிற்கிறார் என்று நினைத்தபோது எனக்குக் கண் கொஞ்சம் கலங்கியது. இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்றுகூடத் தோன்றியது.

மண்டோரம்மா வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தார்.

“அக்கா, துரையைக் கோயிலுக்குக் கொண்டு வரச் சொல்றாங்க.”

“யாரு?”

“டாக்டர்.”

“டாக்டரா? கோயிலுக்கா?” வைக்கோல் வாரியைச் சுவரில் சாத்தினார். “நெசமாவா?”

“எழுத்துல இருக்கு.”

எழுத்தில் இருந்தால் மண்டோரம்மாவுக்குச் சந்தேகம் கிடையாது. முகம் கழுவி, திருநீறு பூசி, துரைக்குத் தலைக்கயிறு மாட்டி என் கையில் கொடுத்தார். தான் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

“டாக்டர் உங்களத்தானே கேட்டாங்க. நான் கற்பூரம் எடுத்துக்கறேன்.”

அதுவரை நான் எந்தக் குதிரையையும் எங்கும் நடத்திச் சென்றதில்லை. செம்பனை நிழலில் ஒன்றரை கிலோமீட்டர். நான் முன்னால், துரை என் காதுக்குள் மூச்சு விட்டபடி பின்னால், அதற்கும் பின்னால் கற்பூரப் பொட்டலத்தோடும், மழைக்காகத் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரு பெரிய கறுப்புக் குடையோடும் மண்டோரம்மா. வழியில் துரை ஒருமுறை என் சட்டைக் காலரைச் சாப்பிட்டுப் பார்த்தது. உப்பு அதிகம் என்று விட்டுவிட்டது. எனக்குத் தலையிலிருந்து கால்வரை ஊற்றிக்கொண்டிருந்தது. துரை காய்ந்த அட்டையாகவே வந்தது.

கோயில் தெரிந்தது. முன்னால் டாக்டரின் கார், ஒரு டயர் தரையோடு தரையாக. தகரக் கூரைக்குக் கீழே, மார்போடு ஐந்தாறு மருந்துக் காகிதப் பைகளை அணைத்துக்கொண்டு டாக்டர். எங்களைப் பார்த்தார். முகத்தில் பக்தி தெரியவில்லை.

“அங்கிள்.”

“டாக்டர்.”

“எதுக்கு இதக் கொண்டாந்தீங்க?”

“நீங்கதான் கேட்டீங்க.”

“நான் கொட கேட்டேன்.”

நான் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தேன்.

“டயர் பஞ்சர். மழ வருது. இந்தப் பை நனையக் கூடாது. கொட. கு, டை. அதக் கொண்டாங்கன்னேன்.”

இருபத்திரண்டு வருட அனுபவம் என் கண் முன்னால் அச்சுப் பிழையாகச் சரிந்தது. கே, யு, டி, ஏ. மலாயில் குதிரை. தமிழில், கடைசி ஐ தேய்ந்த குடை. ‘கொண்டாங்க’ இரண்டுக்கும் பொருந்தும். இலக்கணத்தைப் பிடித்துத் தப்பிக்கலாம் என்றால் குதிரையும் அஃறிணை, குடையும் அஃறிணை. எனக்கு வேண்டிய நேரத்தில் தொல்லாசிரியர்கள் யாரும் வரவில்லை.

“வழியில விழுந்திருந்தா?” என்றார் டாக்டர். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “அவருக்கு என்னான்னு சொல்வீங்க? நாளன்னிக்கு மலைக்காவது உசுரோட போவட்டும்னு இருக்கோம்.”

லோரிக்கார அண்ணனின் துண்டு என் இழுப்பறையில் இருந்தது. அதை நினைத்தேன்.

அந்த நிமிடத்தில் மண்டோரம்மா உதவிக்கு வந்தார்.

“கொடதானே டாக்டர்? இந்தா இருக்கு” என்று சொல்லி, துரையின் வாலுக்குப் பின்னால் நின்று, பொத்தானை அமுக்கினார்.

அது அமுக்கினால் ‘டப்’ என்று விரியும் வகைக் குடை.

துரை நான்கு காலையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து எடுத்தது. இறங்கியபோது சிமெண்டுக் குதிரைக்கு நேர் முன்னால் இறங்கியது. முட்டைக் கண்ணும் சிவப்பு நாக்கும் அத்தனை பற்களும் அதன் மூக்குக்கு ஒரு முழம் தூரத்தில். துரை ஒரு சத்தம் போட்டது. ஆஸ்திரேலியாவில் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கும். பிறகு ஓடியது. கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் நானும் ஓடினேன்.

கோயிலை மூன்று முறை சுற்றினோம். வலமாகத்தான், முறைப்படி. ஒவ்வொரு சுற்றிலும் துரை மறுபடி சிமெண்டுக் குதிரையைச் சந்தித்தது, மறுபடி பயந்தது, மறுபடி ஓடியது. பந்தயத்தில் இந்த வேகம் இருந்திருந்தால் கடற்கரைக்கே வந்திருக்காது. நான் எந்த வேண்டுதலும் வைத்திருக்கவில்லை. இரண்டாம் சுற்றில் வைத்தேன். மூன்றாம் சுற்றில் என் ஒரு செருப்பு முனியாண்டிக்குக் காணிக்கையானது. மண்டோரம்மா கூரைக்குக் கீழே கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவது சுற்றின் தொடக்கத்தில் டாக்டர் பைகளைக் கீழே போட்டுவிட்டுத் தலைக்கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். துரை நடுங்கிக்கொண்டு நின்றது. நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பொட்டுப் பொட்டாக மழை தொடங்கியது.

டாக்டர் மூச்சைப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்தார். பிறகு பிடரிமயிருக்குக் கீழே கையை விட்டார். எடுத்தார். விரல்களைப் பார்த்தார்.

“ஈரம்.”

“மழ” என்றேன்.

“உள்ள எப்படி மழ பெய்யும்?”

“என் வேர்வையா இருக்கும் டாக்டர். கயித்துல இருந்து போயிருக்கும்.” எனக்கு என்னைத் தெரியும்.

குதிரையின் பின்தொடைகளுக்கு நடுவே டாக்டர் குனிந்து பார்த்தார். தொடையும் தொடையும் உரசிய இடத்தில் சவர்க்காரம் தேய்த்த மாதிரி வெள்ளை நுரை. குதிரை வேர்வை மட்டும்தான் அப்படி நுரைக்கும். மழைத் தண்ணீர் நுரைக்காது. கிராணி வேர்வையும் நுரைக்காது.

“அங்கிள்” என்றார் டாக்டர், குனிந்தபடியே. “அண்ணனுக்கு போன் போடுங்க.”

போட்டேன். “அண்ணே, கோயில் கிட்ட வாங்க” என்றேன். அதற்கு மேல் சொல்ல மூச்சு இல்லை. அவர் என்ன நினைத்துக்கொண்டு வந்தார் என்பது பிறகு முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. மழையில் மோட்டர் சைக்கிள் வந்து நின்றது, ஸ்டாண்டு கூடப் போடவில்லை, வண்டி அவருக்குப் பின்னால் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துரை நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும்தான் நடை மெதுவானது.

டாக்டர் அவர் கையைப் பிடித்துப் பிடரிமயிருக்குக் கீழே வைத்தார். அண்ணன் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். எடுத்து முகர்ந்தார்.

“தம்பி நாறுறான்” என்றார்.

மறுநாள் கடைசிச் சோதனை. ஆறு ஊசி. ஆறு இடத்திலும் முத்து முத்தாகப் பூத்தது. நான்கே போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலை லோரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இனி அதிகாலையும் சாயங்காலமும் மட்டும் கடற்கரை, வெயிலில் கொட்டகை, உப்பு மருந்தை விடக் கூடாது என்று நிபந்தனைகள். லோரிக்கார அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எதனால் வேர்த்தது என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. ஒரு வாரமாக மழை விழுந்து இரவுகள் குளிர்ந்துவிட்டன, சுரப்பி தானாக விழித்துக்கொண்டது, நான் நடத்திக்கொண்டு போகாவிட்டாலும் வேர்த்திருக்கும் என்பது டாக்டரின் முடிவு. மண்டோரம்மா சிரிப்பதோடு சரி. லோரிக்கார அண்ணன் சபையில் சாட்சி சொன்னார் என்று கேள்வி. என் மனைவி மட்டும் பீர் என்றாள், ஆனால் குதிரையைப் பற்றிச் சொன்னாளா என்பது தெளிவாக இல்லை. பதிவேட்டில் ‘வியர்வை: உண்டு’ என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் எழுத்துப் பிழை என்று போட்டேன். டாக்டர் அதை அடித்துவிட்டார்.

துரை வீட்டுக்குப் போன நாள் தூறிக்கொண்டிருந்தது. வழியனுப்பும் இடங்களில் நான் நன்றாக நிற்பவன் அல்ல. அவசரமாக ஒரு கோப்பைத் தேடும் பாவனையில் மேசைக்குக் கீழே குனிந்திருந்தேன். லோரிக்கார அண்ணன் குனிந்து, மேசைக்குக் கீழேயே எனக்குக் கை கொடுத்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். லோரி போகும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்துக் கைப்பேசி கத்தியது. அவரிடமிருந்து. அவரும் ஆங்கில எழுத்துக்காரர்.

குடா விட்டுட்டு வந்துட்டேன். பத்திரமா பாத்துக்குங்க.

நான் ஓடினேன். லாயத்தின் கடைசி அறை. கதவு திறந்து கிடந்தது. மூன்று மின்விசிறிகளும் யாரும் இல்லாத இடத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. வைக்கோல், ஒரு பிளாஸ்டிக் முக்காலி, சுவர் ஆணியில் லோரிக்கார அண்ணனின் கறுப்புக் குடை.

அங்கேயே நின்று பதில் எழுதினேன். இந்த முறை தமிழ் எழுத்தில், ஒற்றுகளைச் சரிபார்த்து: குடை இங்கே இருக்கிறது. குதிரை அங்கே இருக்கிறதா?

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

இருக்கு. வேர்த்துக்கிட்டு நிக்கிது.